மாமாவின் ஆறு நிமிஷம் நாற்பத்தோரு செகண்டு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதும் என் வகுப்பில் ஆளாளுக்கு ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். செயற்கை நுண்ணறிவு ஒருவன், மின்சார வாகனம் ஒருவன், 'இளைஞனே எழுந்து வா' என்ற கவிதை மூன்று பேர். எனக்கு மிஞ்சியது மரியோ. ஆமாம், அதே தொப்பி, அதே மீசை, அதே காளான்தான். சிரிக்க நினைப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த ஆட்டம். நின்டெண்டோ கம்பெனியில் ஷிகேரு மியாமோட்டோ என்பவரின் தலைமையில் உருவானது. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்! நம் பெரியப்பாமார்கள் தினமும் காலையில் போனில் அனுப்பும் ரோஜாப்பூப் படம்கூட இதைவிடப் பெரிசு. எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நாலு கட்டம், ஆக 32. ஆனால் நடுவில் குழாய் வழியாகக் குறுக்குப் பாதை உண்டு. அதனால் 1-1, 1-2, அங்கிருந்து தாவி 4-1, 4-2, மறுபடி தாவி 8-1 முதல் 8-4 வரை என்று எட்டே கட்டத்தில் கதையை முடித்து இளவரசியைப் பார்த்துவிடலாம். இந்த எட்டையும் எவ்வளவு குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறோம் என்பதுதான் போட்டி. ஸ்பீட்ரன் என்று இதற்குப் பெயர்.

இந்த ஓட்டத்தில் 4 நிமிஷம் 55 செகண்டுக்குக் கீழே முதலில் போனவர் நிஃப்ட்ஸ்கி என்ற பெயரில் ஆடுபவர். 2021 ஏப்ரலில் அவர் எடுத்தது 4 நிமிஷம் 54.948 செகண்டு. 2023 செப்டம்பரில் அதே ஆள் 4 நிமிஷம் 54.631. ரெண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து மிச்சம் பிடித்தது ஒரு செகண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பிறகும் போட்டி போட்டுக் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"இதனால யாருக்கு என்னடா பிரயோஜனம்?" என்பது எங்கள் அம்மாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். நூறு மீட்டர் ஓடுகிறவனைப் பார்த்து யாரும் இதைக் கேட்பதில்லை என்பது மட்டும் என் ஆதங்கம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது நிஃப்ட்ஸ்கியைப் பற்றி அல்ல, என் மாமாவைப் பற்றி.

மாமா, அம்மாவின் தம்பி. பெருங்குடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ரிப்பேருக்கு வந்த டிவிகள் எல்லாம் போயின. அதற்கு முன்பே எல்.இ.டி. டிவி வந்து தொழில் பாதி படுத்துவிட்டிருந்தது. வெள்ளம் மீதியை முடித்தது. இப்போது பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளுக்குக் கண்காணிப்பு கேமரா மாட்டுகிறார். கடையில் தப்பியது பரண்மேல் இருந்த மூன்று சாமான்கள்: ஒரு 14 இன்ச் படக்குழாய் டிவி, ஒரு 'மீடியா' டிவி கேம் பெட்டி, அவருடைய ஐ.டி.ஐ. ரெக்கார்டு நோட்டு.

இன்றைய ஜூனியர்களுக்காக ஒரு விளக்கம். 90களில் நம் ஊரில் ஒரிஜினல் நின்டெண்டோ பெட்டி வாங்கியவர்கள் மிகவும் குறைவு. வந்ததெல்லாம் நகல் பெட்டிகள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்கள். ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கிடைக்கும். ஆட்டம் இருக்கும் டப்பாவுக்குக் 'கேசட்' என்று பெயர். அதன்மேல் '9999 ஆட்டங்கள்' என்று போட்டிருக்கும். உள்ளே உருப்படியாகப் பத்து இருந்தால் அதிர்ஷ்டம். படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி செருக வேண்டும். ஊதினால் எச்சில் ஈரம்தான் பிடிக்குமே தவிர வேறு பலன் கிடையாது என்று இப்போது சொல்கிறார்கள். மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த ரெக்கார்டு நோட்டு இருக்கிறதே, முன்பக்கம் முழுக்க ரேடியோ ரிசீவர் வட்டப்படம். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் மரியோ! 1995, 96இல் மாமாவும் அவர் சிநேகிதரும் ஆடிய ஓட்டங்கள், தேதி வாரியாக. சிநேகிதர் கைக்கடிகாரத்தில் ஸ்டாப்வாட்ச் அழுத்துவார், மாமா ஓடுவார். எட்டரை நிமிஷத்தில் ஆரம்பித்து, ஏழரை, ஏழு என்று இறங்கி, 12.5.96 தேதியில் சிவப்பு மையில் ரெண்டு கோடு போட்டு: 6 நி. 41 செ. ஓரத்தில் குறிப்புகள் வேறு. '4-2ல கொடி ஏறு, 8க்குப் போகும்.' '1, 3, 6 வந்தா வெடி, லேட்டு.'

இந்த ரெண்டாவது குறிப்பைப் படித்ததும் எனக்குப் புல்லரித்தது. கட்டம் முடிந்து கொடிக் கம்பத்தைத் தொடும்போது, மிச்சம் இருக்கும் நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 என்று இருந்தால் வாணவேடிக்கை நடக்கும். பார்க்க அழகு, ஆனால் நேரம் போகும். உலக ஓட்டக்காரர்கள் எல்லாருக்கும் இது பாலபாடம். பெருங்குடியில் இன்டர்நெட் இல்லாத 1996இல் ஒரு ஐ.டி.ஐ. பையன் தானே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்!

நான் மாமாவுக்கு உலக ரெக்கார்டு வீடியோவைப் போனில் போட்டுக் காட்டினேன். சத்தமே போடாமல் பார்த்தார். முடிந்ததும், "ஒண்ணே முக்கா நிமிஷம் பின்னாடி இருந்திருக்கேன் மாப்ள. பெருங்குடியில நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு மெதப்புல திரிஞ்சேன் பாரு" என்று சொல்லி நோட்டை வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு, அந்த வீடியோவில் ஏதோ ஒன்று இடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. பாட்டு! மரியோ பாட்டு அதில் வேகமாக ஓடியது. மாமாவின் பெட்டியில் அதே பாட்டு, அதே சுதி, ஆனால் ஆடி அசைந்து வரும்.

இங்கேதான் நம் பாடம் வருகிறது, கவனியுங்கள். அமெரிக்கா, ஜப்பான் டிவி முறை என்.டி.எஸ்.சி. செகண்டுக்குச் சுமார் 60 படம். நம் நாட்டில் 1982இல் கலர் டிவி வந்ததிலிருந்து பி.ஏ.எல். முறை, செகண்டுக்கு 50. மரியோ போன்ற பழைய ஆட்டங்களில் எல்லாக் காரியமும் படக் கணக்கில், அதாவது ஃப்ரேம் கணக்கில்தான் நடக்கும். ஒரு ஃப்ரேமுக்கு மரியோ இத்தனை புள்ளி நகர வேண்டும், பாட்டு இத்தனை ஃப்ரேமுக்கு ஒரு தடவை அடுத்த ஸ்வரத்துக்குப் போக வேண்டும் என்று. ஐரோப்பாவும் 50தான். ஆனால் அங்கே கம்பெனியே ஆட்டத்தை 50க்கு ஏற்ற மாதிரி வேகப்படுத்தித் திருத்தி விற்றது. நம் நகல் பெட்டிக்காரன் அதெல்லாம் செய்வானா? 60க்கு எழுதிய ஆட்டத்தை அப்படியே 50 பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான். பிராசசரின் கடிகார வேகத்தை மட்டும் ஒரிஜினலுக்கு ரொம்பப் பக்கமாக வைத்தான். அதனால் சுதி மாறவில்லை, தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்துவிட்டது. 90களில் இந்தப் பெட்டிகளோடு வளர்ந்த ஒரு தலைமுறையே அந்தப் பாட்டை மெதுவாகத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறது.

புத்தகத்தில் படித்ததை நம்பலாமா? பெட்டியைப் பையில் போட்டு லேபுக்குக் கொண்டுவந்தேன். லேப் அசிஸ்டென்ட் அண்ணன், "இது எந்த எக்ஸ்பெரிமென்ட்டுடா?" என்றார். "சிலபஸ்ல இல்லண்ணே" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தானே வந்து ஆஸிலாஸ்கோப் புரோபை மாட்டிக் கொடுத்தார். மஞ்சள் பின்னில் வரும் வீடியோ சிக்னல். ஒரு கட்டத்துக்கு 5 மில்லிசெகண்டு வைத்துப் பார்த்தால் ஒரு செங்குத்து சின்க்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் மிகச் சரியாக நாலு கட்டம். இருபது மில்லிசெகண்டு, செகண்டுக்கு 50. அண்ணனே அதற்குள் மரியோவைப் பார்க்கும் ஆசையில் மானிட்டர் தேட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு கணக்கு. 6 நிமிஷம் 41 என்றால் 401 செகண்டு. மாமாவின் பெட்டியில் அது ஏறத்தாழ 20,050 ஃப்ரேம். அதே 20,050 ஃப்ரேம் 60 படப் பெட்டியில் ஓடினால் எவ்வளவு நேரம்? 5 நிமிஷம் 33.7 செகண்டு! மாமா ஸ்டார்ட் பட்டனிலிருந்து கணக்குப் போட்டவர்; உலகக் கணக்கு, கட்டத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குவதிலிருந்து. அதையும் கழித்தால் இன்னும் ரெண்டொரு செகண்டு போகும். திருப்பிப் போட்டும் பார்த்தேன். நிஃப்ட்ஸ்கியின் 4:54.631 ஓட்டத்தை அச்சு மாறாமல் மாமாவின் பெட்டியில் ஓட்டினால் 5 நிமிஷம் 54 செகண்டு ஆகும். உலகத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அந்தப் பெட்டியில் ஐந்து நிமிஷத்தில் முடிக்கவே முடியாது.

ஆக இடைவெளி ஒண்ணே முக்கால் நிமிஷம் அல்ல, 39 செகண்டு. தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு தடவை சரிபார்த்தார்.

"கணக்குல ஜெயிக்கிறது ஜெயிக்கிறதாடா?"

"மாமா, ஆட்டத்துக்குள்ளேயே ஒரு டைம் ஓடுதே, 400ல ஆரம்பிச்சு குறையுமே, அதுவும் ஃப்ரேம் கணக்குதான். 24 ஃப்ரேமுக்கு ஒண்ணு குறையும். அந்தக் கடிகாரத்துக்கு நீங்க ஒரு நாளும் லேட்டு கிடையாது. உங்க நண்பர் கையில இருந்த வாட்ச்சுக்குத்தான் லேட்டு."

கொஞ்சம் யோசித்தார். டிவி ரிப்பேர்காரர் ஆயிற்றே, விடுவாரா?

"அப்ப எனக்கு மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடினா ஆடுறது ஈஸிதானே? அவனுக்கு ஒரு ஃப்ரேம் பதினாறு மில்லிசெகண்டு சொச்சம். எனக்கு இருபது. யோசிக்க டைம் ஜாஸ்தி. இதை எந்தக் கணக்குல கழிப்ப?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அவர் சொன்னது சரி. ஒரு குறிப்பிட்ட ஃப்ரேமில்தான் பட்டனை அழுத்த வேண்டும் என்றால், அவருக்குக் கிடைத்த சந்து கொஞ்சம் அகலம். ஆகவே 5:33.7 என்று அப்படியே பட்டியலில் எழுத முடியாது. உலகப் பட்டியலில் என்.டி.எஸ்.சி.க்கு ஒரு கணக்கு, ஐரோப்பிய பி.ஏ.எல்.லுக்கு ஒரு கணக்கு. நம் பெட்டி ரெண்டிலும் சேராத பிறவி. ஆனால் நோட்டு மட்டும் பரணிலிருந்து கீழே இறங்கியது. அந்த 39 செகண்டு எங்கே போயிற்று என்று பார்க்கலாம் என்றார் மாமா.

பார்த்தோம். சனி, ஞாயிறு இரவுகளில்தான். வீட்டு எல்.இ.டி. டிவியில் மாட்டினால் பட்டன் அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் மரியோ குதிக்கிறான். பழைய அனலாக் சிக்னலை வாங்கி, இலக்கமாக்கி, பெரிசுபடுத்திக் காட்டுவதற்குள் சில ஃப்ரேம் போய்விடுகிறது. படக்குழாயில் அந்தப் பிரச்சினை இல்லை. சிக்னல் வர வர கோடு கோடாகத் திரையில் விழுந்துவிடும். பரண் டிவியை இறக்கி, மாமா ரெண்டு கெபாசிட்டர் மாற்றினார். பதினைந்து வருஷம் கழித்து அவர் படக்குழாய் டிவியில் சூட்டுக்கோல் வைத்ததை அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

39 செகண்டில் பெரும்பகுதி கைவேகத்தில் இல்லை. மாமாவின் கை அப்போதே நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. அவருக்குத் தெரியாமல் போனது பெட்டிக்குள் இருக்கும் சமாசாரங்கள்.

முதலாவது, 21 ஃப்ரேம் விதி. கட்டம் முடிந்த அந்த நொடியிலேயே அடுத்த கட்டம் வந்துவிடாது. உள்ளே ஒரு கவுண்டர் 21 ஃப்ரேமுக்கு ஒருதரம்தான் கதவைத் திறக்கும். பெருங்குடி பறக்கும் ரயில் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று என்றால், எட்டு நிமிஷம் முன்னால் வந்தாலும் ஒரு நிமிஷம் முன்னால் வந்தாலும் ஏறப்போவது ஒரே வண்டி. படியில் விழுந்தடித்து ஓடியதற்குப் பலன், முந்தின வண்டியைப் பிடித்தால் மட்டும்தான். மாமாவின் பெட்டியில் ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் 0.42 செகண்டு. கடைசிக் கட்டமான 8-4க்கு மட்டும் இந்த விதி கிடையாது. அங்கே கோடாரியைத் தொட்ட ஃப்ரேமில் கணக்கு முடிந்தது. அங்கே சேமிக்கும் ஒவ்வொரு ஃப்ரேமும் நம் பாக்கெட்டுக்கே.

ரெண்டாவது கொடிக் கம்பம். வழக்கமாகக் கம்பத்தைப் பிடித்ததும் கொடி மெதுவாக இறங்கும், மரியோ காத்திருப்பான். கம்பத்தின் அடியில் இருக்கும் கல்லுக்குள் சரியான புள்ளியில் உடம்பை நுழைத்துவிட்டால் கொடி இறங்குவதே இல்லை, மரியோ நேராகக் கோட்டைக்கு நடந்துவிடுவான். இதனால் ஒரு வண்டி முன்னால் கிடைக்கும். சொல்ல ரெண்டு வரி. எனக்கு 1-1இல் இது முதல் தடவை கைகூட ஏழு வாரம் ஆயிற்று.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாமா 4-2இல் கொடி ஏறி 8ஆம் உலகத்துக்குப் போனார் அல்லவா? ஏறுவதற்கே நேரம் போகும். பக்கத்தில் ஒரு குழாய் உண்டு, அது நாணய அறைக்குப் போகும் குழாய். எந்த வாசல் எங்கே திறக்க வேண்டும் என்று பெட்டி ஒரே ஒரு இடத்தில் குறித்துவைக்கிறது. திரை நகர நகர, கொடிக்கான குறிப்பை அழித்துக் குழாய்க்கான குறிப்பை எழுதும். மரியோவைச் செங்கல்லில் இடித்து இடித்து, திரையில் வழக்கமான இடத்தைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிவிட்டால், பெட்டி குறிப்பை மாற்றும் முன்பே குழாய்க்குள் இறங்கிவிடலாம். கொடி ஏறாமலே கொடி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வோம்! இதைக் கேட்டதும் மாமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே... "ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பழைய பேர் மாறதுக்குள்ள கிரயம் முடிக்கிற மாதிரிடா" என்றார். பெருங்குடிக்காரர், நிலம் வாங்கி விற்ற கதைகள் நிறையப் பார்த்தவர்.

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் 'தற்செயல்' என்று தோன்றுவதெல்லாம் ஏழு பைட் நீளமுள்ள ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டரின் வேலை. எப்போதும் ஒரே மதிப்பில் தொடங்கி ஃப்ரேமுக்கு ஒரு தடவை நகரும். ஆகவே அதே ஃப்ரேமில் அதே பட்டன்களை அழுத்தினால் டிராகன் எறியும் சுத்தியல்கூட அதே இடத்தில்தான் விழும். வைவாவில் உதாரணம் கேட்டால் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னேன். எக்ஸ்டர்னல் சார் ஐந்து நிமிஷம் மரியோவைப் பற்றியே பேசிவிட்டு அனுப்பிவிட்டார்.

இப்போதைய நிலவரம். மாமாவின் பெட்டியில் என் நேரம் 6 நிமிஷம் 12. மாற்றிப் பார்த்தால் 5:09 சொச்சம். மாமாவின் நேரம் 6:44. பழைய 41ஐ இன்னும் தொடவில்லை. கொடிக் கம்ப வித்தையும் குழாய் வித்தையும் தனக்கு வேண்டாம் என்கிறார். தெரியாமல் எடுத்ததைத் தெரியாத வழியிலேயே தாண்ட வேண்டுமாம். அத்தை ஸ்டாப்வாட்ச் அழுத்துகிறார்கள். இவர் வாட்ச் கொடுத்தாலும் அவர்கள் போனில்தான் அழுத்துவார்கள். நோட்டில் பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கோடு போட்டு மூன்று பத்தி: தேதி, நேரம், ஃப்ரேம். 12.5.96க்கு நேராகவும் ஃப்ரேம் பத்தியில் 20,050 என்று மாமாவே தன் கையால் எழுதியிருக்கிறார், பென்சிலில்.

எனக்கு இன்னும் வராதது 8-2. அங்கே கொடிக் கம்பத்துக்கு முன்னால் பறந்துவரும் குண்டை மிதித்து, அது கொடுக்கும் துள்ளலில் கம்பத்தின் அடிக்கல்லுக்குள் நுழைய வேண்டும். குண்டு வருவதே அந்த ஷிஃப்ட் ரெஜிஸ்டர் மனசு வைத்தால்தான். இருநூறு தடவைக்கு மேல் முயன்றதில் மூன்று தடவை வந்தது, மூன்றிலும் 8-3இல் செத்தேன். அடுத்த வாரம் மாடல் எக்ஸாம். அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு கேமரா வேலை எதுவும் இல்லை என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

- மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு